பத்து நிமிடம் காயட்டும்

"அது அழுக்குங்கிறேன் நான்."

"மெழுகுங்கிறேன், தலைவரே."

"மெழுகுன்னா மினுங்கணும்லா. மினுங்காத மெழுகை எந்த ஊர்ல பார்த்தீங்க?"

"பூசி காய விட்டிருக்கு. காஞ்ச பிறகு துணியால துடைச்சாத்தான் மினுக்கம் வரும். இன்னும் துடைக்கல."

"காய எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்."

"எவ்வளவு நேரமா காயுது?"

பக்கிரிசாமி விரல் விட்டு எண்ணினார். ஸ்ரீ செலாசி பிளாட்டின் பொது மண்டபத்தில் இருந்த அத்தனை பிளாஸ்டிக் நாற்காலிகளும் கிரீச்சென்று அவர் பக்கம் திரும்பின. பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் தொழிற்சாலை ஸ்டோரில் முப்பது வருடம் சாமான் எண்ணிய மனுஷன், கேட்டால் கணக்கைச் சரியாகச் சொல்லித்தான் பழக்கம்.

"பதினோரு மாசம்," என்றார்.

மண்டபம் சிரித்தது. மேடையில் தலைவர் லோகேஸ்வரன் சிரிக்கவில்லை. தலைவர்கள் அப்படியெல்லாம் சிரிக்கமாட்டார்கள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஏன் துடைக்கல?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வரிசையில் உட்கார்ந்திருந்த மகள் ஷர்மினி எழுந்து, "வாங்கப்பா, வீட்டுக்குப் போவோம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அன்று லிஃப்ட் ஓடாததால், அப்பாவும் மகளும் ஒன்பது மாடி ஏறும் செருப்புச் சத்தம் கூட்டம் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

ஜெலுத்தோங் மார்க்கெட்டுக்குப் பின்னால் பதினைந்து மாடியில் நிற்கும் நம் பிளாட்டைத் தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். தெரியாதவர்களுக்கு ஒன்று சொன்னால் போதும். இங்கே இரண்டு லிஃப்ட் உண்டு. முதல் லிஃப்ட் ஏழாவது மாடிவரை வந்து யோசிக்கும். இரண்டாவது லிஃப்டின் கதவில் 'பழுதுபார்ப்பு நடைபெறுகிறது' என்ற அட்டை தொங்குகிறது. அந்த அட்டையே பழசாகிவிட்டதால் சென்ற வருடம் புது அட்டை மாட்டினார்கள். அதைப் பழுதுபார்ப்பு என்று நிர்வாகக் குழு ஆண்டறிக்கையில் எழுதிக்கொண்டது.

வினை வந்தது வேறு பக்கத்திலிருந்து. வட்டாரக் குடியிருப்பு அழகு மன்றம் என்று ஒன்று இருக்கிறதாம். அது பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிளாட்டுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்துவிட்டது. கப்பல்துறையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, தலைமுடிக்கு மட்டும் ஓய்வு கொடுக்காமல் மாதம் தவறாமல் கறுப்படிக்கும் நம் லோகேஸ்வரனால் அதைத் தாங்க முடியுமா? அடுத்த கூட்டத்திலேயே லிஃப்ட், தண்ணீர் பம்ப், சாக்கடை மூன்றையும் வருகிற ஆண்டுக்குத் தள்ளிவைத்துவிட்டு, 'ஒளிரும் கார் பார்க் இயக்க'த்தைத் தொடங்கிவைத்தார். அதற்கு ஒரு பளபளப்புத் துணைக்குழு. துணைக்குழுவுக்கு ஒரு மேற்பார்வைக் குழு. இரண்டுக்கும் தலைவர் அவரே.

இரண்டாம் சனி, நான்காம் சனி காலை எட்டு மணிக்கு எல்லாரும் அவரவர் காடி முன்னால் துணியோடு நிற்க வேண்டும். ஒலிபெருக்கியில் செயலாளர் சாந்தினி ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். எண்ணுக்கு ஒரு சுற்று மெழுகு தேய்க்க வேண்டும். சுற்று வலஞ்சுழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்று தனித் தீர்மானம். கோயிலை நாம் எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்று தலைவர் கேட்டதும் அது நிறைவேறியது. நாலாம் மாடிச் சீனத் தாத்தாவுக்குக் காரே கிடையாது. அவர் தன் சைக்கிள் மணியை வலஞ்சுழியாகத் தேய்த்தார். தேய்த்ததற்குக் கையெழுத்தும் போட்டார்.

பளபளப்பை அளக்க ஒரு கருவி வாங்கினார்கள். அதற்கேற்ற பேட்டரி கிடைக்கவில்லை. அதனால் 'முகச் சோதனை' வந்தது. தலைவர் ஒவ்வொரு பானட்டாகக் குனிந்து பார்ப்பார். அவர் மீசையின் முடிகள் தனித்தனியாகத் தெரிந்தால் 'ஒளி'. மீசை மொத்தமாகத் தெரிந்தால் 'மினுக்கம்'. மீசையே தெரியாவிட்டால் 'மங்கல்'. ஒரு தடவை தலைவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கோலாலம்பூர் போய்விட்டார். முகம் இல்லாமல் சோதனை நின்றுபோகக்கூடாதே என்று சாந்தினி அவருடைய படத்தைப் பெரிதாக்கி, பிளாஸ்டிக் உறை போட்டு, ஒவ்வொரு பானட்டின் மேலும் பிடித்துப் பார்த்தாள். நாற்பத்தாறு காடிகள் தேறின. நாற்பத்தேழாம் எண் நிறுத்துமிட லாட்டில் படம் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு மூட்டம்தான் தெரிந்தது.

அது ஜெகதீஸ்வரியின் காடி. மெரூன் நிறத்தில் பழைய கஞ்சில், நாலு பேர் ஏறினால் மூச்சு வாங்கும் சின்ன வண்டி. ஜெகதீஸ்வரி பக்கிரிசாமியின் மனைவி. நாற்பத்தொன்பது வயதில் ஓட்டப் படிக்கிறேன் என்று கிளம்பினபோது பிளாட்டே வாயில் கைவைத்தது. நாலு தடவை டெஸ்டில் விழுந்தாள். ஐந்தாவது தடவை தேறின அன்றே, பக்கத்தில் பக்கிரிசாமியை உட்காரவைத்துக்கொண்டு, பாலத்தைத் தாண்டி நிபோங் திபாலில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கு ஓட்டினாள். வழியெல்லாம் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்களாம். நாற்பதுக்கு மேல் போகவில்லையாம். பக்கிரிசாமி கண்ணை மூடிக்கொண்டிருந்தாராம். இதை அவளே மாடிப்படியில் நின்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அந்தக் காடிக்கு மெழுகு. பக்கிரிசாமியின் பழைய பனியனைக் கிழித்து, டப்பாவிலிருந்து விரலளவு எடுத்து, சின்னச் சின்ன வட்டமாகப் பூசுவாள். இடது கைக்காரி, வட்டங்கள் எல்லாம் எதிர்ப்பக்கமாக ஓடும். பூசினதும் வெள்ளையாக மூட்டம் கட்டும். பத்து நிமிடம் காயவேண்டும். அதுவரை அங்கேயே சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து யாரிடமாவது வம்பளந்துவிட்டு எழுந்து துடைப்பாள்.

அந்த ஞாயிறு மட்டும் அங்கே உட்காரவில்லை. ஒன்பதாம் மாடியிலிருந்து பக்கிரிசாமி எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். "ஜெகா, தே ஆறுது. மேல வா."

"பானட்டு காயணும்ங்க."

"அது பாட்டுக்குக் காயும். வந்து குடிச்சிட்டுப் போ."

"சரி, பத்து நிமிஷம் காயட்டும். வந்து துடைக்கிறேன்."

பிளாட்டில் ஒருத்தர் கூப்பிட்டால் எல்லாருக்கும்தானே கேட்கும், கேட்டது. அன்று முதல் லிஃப்ட் ஏழாம் மாடி யோசனையையும் நிறுத்தியிருந்தது. ஜெகதீஸ்வரி ஒன்பது மாடி ஏறினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். பாதி தே குடித்தாள். மீதிக் குவளை மேசையில் இருக்க, அவளை நாலு பேர் ஒரு போர்வையில் வைத்து ஒன்பது மாடி இறக்கினார்கள். கீழே ஆம்புலன்ஸ்காரர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மெதுவாக வைத்தார்.

காரியமெல்லாம் முடிந்து, அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டுத் திரும்பின அன்றுதான் பக்கிரிசாமி காடியைப் பார்த்தார். பானட் முழுக்க மூட்டம். மூட்டத்துக்குள் வட்டம் வட்டமாக அவள் கை போன போக்கு. ஓரத்தில் டப்பாவை எடுக்கக் கை ஊன்றின இடத்தில் நாலு விரல் பதிவு.

அதற்குப் பிறகு அந்தக் காடி நகரவில்லை. வாரம் ஒருதரம் என்ஜினை மட்டும் கிளப்பிவிட்டு அணைப்பார். உறை போட்டால் உரசும் என்று உறை போடவில்லை. கூரைக்குக் கீழே இருக்கும் லாட் ஆதலால் மழை பயமில்லை. பயமெல்லாம் பூனைதான். பாசார் கடைகளில் ஆரஞ்சுத் தோல் பொறுக்கிவந்து சக்கரத்தைச் சுற்றிப் போடுவார். அந்த வாடைக்குப் பூனை வராது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முதல் மாதத்தில் ஷர்மினி, "துடைச்சிடுங்கப்பா, பார்க்கப் பார்க்கத்தான் வேதனை" என்றாள். அப்புறம் அவளே வேலைக்குப் போகும் காலைகளில் பானட்டுக்கு ஓர் அங்குலம் மேலே உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க ஆரம்பித்தாள். தொடமாட்டாள்.

நிர்வாகத்திலிருந்து மூன்று நோட்டீஸ் வந்தது. மூன்றும் திருமதி ஜெகதீஸ்வரி அவர்களுக்கு. முதல் நோட்டீஸ் அவரை அன்போடு கேட்டுக்கொண்டது. இரண்டாவது வருத்தம் தெரிவித்தது. மூன்றாவது, நினைவூட்டல்களுக்கு அவர் காட்டும் அலட்சியம் மற்றக் குடியிருப்பாளர்களுக்குத் தவறான முன்னுதாரணம் ஆகிவிடும் என்றும், அவருடைய வட்டங்கள் இடஞ்சுழியாக இருப்பதும் கவனத்துக்கு வந்திருக்கிறது என்றும் சொன்னது.

பக்கிரிசாமி அலுவலகத்துக்குப் போனார். சாந்தினி கெட்ட பெண் இல்லை, சொல்லிவிட வேண்டும். ஜெகதீஸ்வரியின் சாவுக்கு வந்து அழுதவள்தான். ஆனால் அந்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அழுகிற சாந்தினி ஒருத்தி, கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற சாந்தினி ஒருத்தி.

"லாட் அக்கா பேர்ல இருக்கு அண்ணே. விளக்கம் அவங்கதான் நேர்ல வந்து கொடுக்கணும்."

"அவ இல்லியேம்மா. நீயே வந்திருந்தியே."

"நான் வந்தேன். சிஸ்டத்துக்குத் தெரியாதுல்ல. சிஸ்டத்துல அக்கா இன்னும் இருக்காங்க."

பக்கிரிசாமிக்கு ஒரு நொடி மனசு எங்கேயோ போய் வந்தது. "இருக்காளா?" என்றார்.

சிஸ்டத்திலிருந்து பேரை எடுக்க ஒரு வழி இருந்தது. 'வெளியேறியோர் போரம்' என்ற படிவம் ஒன்றை நீட்டினாள். பெயர், வீட்டு எண், வெளியேறிய தேதி. எல்லாம் எழுதினார். 'புதிய முகவரி' என்ற இடத்தில் பேனா நின்றது. வாழ்க்கையில் தப்புக் கணக்கு எழுதாத மனுஷன், கடைசியில் 'கடல்' என்று எழுதினார்.

சாந்தினி பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. கலங்கின கண்ணோடு, "அஞ்சல் குறியீடு இல்லாம சிஸ்டம் எடுத்துக்காது அண்ணே" என்றாள்.

ஆகவே ஜெகதீஸ்வரி ஸ்ரீ செலாசி பிளாட்டில் தொடர்ந்து குடியிருந்தாள். அவள் குடியிருக்கிறவரை அவள் காடி மினுங்கியாக வேண்டும். மண்டபத்துச் சண்டை அப்படி வந்ததுதான்.

சண்டைக்கு மறுநாள் தலைவரே இறங்கிவந்து, நிர்வாகம் கல் நெஞ்சுக்காரர்கள் கூடாரம் அல்ல என்றார். 'மங்கல் விலக்கு' என்று ஒரு ஏற்பாடு உண்டு. யாரும் இதுவரை கேட்டதில்லை. காரணம், அவர் அதை அன்று காலைதான் ஏற்படுத்தினார். விண்ணப்பத்தோடு மூன்று சேர்க்க வேண்டும். இறப்புச் சான்றிதழ். மங்கல் அழுக்கு அல்ல, மெழுகே என்று தகுதி பெற்றவர் தரும் தொழில்நுட்ப அறிக்கை. விண்ணப்பிப்பவருக்கும் மங்கலை உண்டாக்கியவருக்கும் உள்ள உறவுக்கு ஆதாரம்.

தகுதி பெற்றவர் என்றால் ஷஃபீக். நிர்வாகத்தின் காண்ட்ராக்டில் சனிக்கிழமைகளில் பாலிஷ் மிஷினோடு வரும் ஆள். ஜெலுத்தோங் பட்டறை ஒன்றில் வேலை. பேச்சு குறைவு. வந்தார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார், பானட்டுக்கு மேல் குனிந்து மோந்து பார்த்தார். பக்கவாட்டில் உட்கார்ந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்ல மெழுகு. கையால பூசியிருக்கு. இடது கை," என்றார். "பூசினவங்க அவசரப்படல. இந்த மூலையில மட்டும் கொஞ்சம் அவசரம். யாரோ கூப்பிட்டிருக்காங்க போல."

பக்கிரிசாமி அந்தச் சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான்," என்றார். "தே ஆறுதுன்னு கூப்பிட்டேன்."

அவ்வளவுதான் அவர் இதைப் பற்றி யாரிடமும் சொன்னது. ஷஃபீக் அறிக்கையை முட்டியில் வைத்தே எழுதினார். 'மெழுகு. அழுக்கு இல்லை. தொடாமல் விடவும்.' கடைசி வரியை அடிக்கோடிட்டார். 'காய எடுக்கும் நேரம்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டார். அதைத் தலைவர் பிறகு 'பத்து நிமிடம்' என்று தானே நிரப்பிக்கொண்டார்.

மூன்றாவது ஆதாரம்தான் தொல்லை. கல்யாணச் சான்றிதழ் நிபோங் திபாலில், ஜெகதீஸ்வரியின் அண்ணன் முனுசாமி வீட்டு அலமாரியில் இருந்தது. இருபத்தேழு வருடத்தில் அவள் என் மனைவி என்று யாருக்கும் எழுதிக்காட்ட வேண்டிவரவில்லை. அதனால் அது அங்கேயே இருந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை அழகு மன்றத்தார் பார்வையிட வருகிறார்கள். அன்று மதியத்துக்குள் சான்றிதழ் கைக்கு வந்தால் அந்தக் காடியை யாரும் தொடமாட்டார்கள் என்று தலைவர் வாக்குக் கொடுத்தார். "தலைவர்னு சொல்றேன், பக்கிரி. மனுஷனா சொன்னா மறந்துடுவேன். தலைவரா சொன்னது மினிட் புக்ல இருக்கும்."

சனிக்கிழமை விடியலில் அப்பாவும் மகளும் கிளம்பினார்கள். மழை வந்தால் சான்றிதழ் நனையும் என்று மோட்டார் சைக்கிளை எடுக்கவில்லை. ஃபெர்ரியில் பக்கிரிசாமி ஓரமாக நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். ஷர்மினிக்கு பட்டர்வொர்த் கிளினிக்கில் வேலை, அங்கேயே பிரிந்து போனாள். "துணைக்கு வரணுமாப்பா?" என்று கேட்டாளாம். "ஒரு தாளு எடுக்கத் துணை எதுக்கு?" என்றாராம்.

முனுசாமி அலமாரியைக் குடைந்து எடுத்துக் கொடுத்தார். பசியாறிவிட்டுப் போகச் சொன்னார். பக்கிரிசாமி கேட்கவில்லை, அடுத்த பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டார். மடியில் விரித்துப் பார்த்தார். இடது பக்கமாகச் சாய்ந்த எழுத்தில் ஜெகதீஸ்வரி கையெழுத்துப் போட்டிருந்தாள். மை கொஞ்சம் இழுபட்டிருந்தது; இடது கைக்காரர்கள் எழுதினால் கை மேலேயே போகும். அந்த இழுபட்டதைப் பார்த்து அவர் பஸ்ஸில் சிரித்தாராம். பின்னால் இருந்தவர் நம் எட்டாம் மாடிக்காரரின் மச்சான், அவர் பார்த்திருக்கிறார்.

இங்கே, காலை ஒன்பது மணிக்கு நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. தலைவர் மனம் இளகியிருந்தார். ஒரு மனிதன் மனைவியை இழந்து சான்றிதழ் தேடி அலைகிறான், அதற்காகக் காத்திருப்பது மனிதாபிமானமா என்று கேட்டார். இல்லை என்று ஒருமனதாக முடிவானது. முதல் தீர்மானம், ஆதாரம் வருவதற்குள்ளாகவே லாட் நாற்பத்தேழுக்கு மங்கல் விலக்கு அளிக்கப்படுகிறது. கைதட்டல். அது ஓய்வதற்குள் இரண்டாம் தீர்மானம், அன்னாரின் குடும்பத்துத் துயரில் பங்குகொள்ளும் வகையில் அந்தக் காடியை நிர்வாகமே இலவசமாகப் பளபளப்பாக்கித் தரும். இன்னும் பலத்த கைதட்டல். சாந்தினி இரண்டையும் ஒரே தாளில் தட்டச்சு செய்து முத்திரைச் சாப்பு அடித்தாள்.

பக்கிரிசாமி திரும்பி வரும்போது மணி பன்னிரண்டரை. கேட்டருகில் பந்தல். தலைவர் மைக்கில் இருந்தார்.

"சிலர் கேட்கிறார்கள், லிஃப்ட் எங்கே, லிஃப்ட் எங்கே என்று. நான் கேட்கிறேன், லிஃப்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே இருப்பவருக்குத் தெரியுமா? தெரியாது. கதவு மூடியிருக்கிறது. ஆனால் கார் பார்க்? சாலையில் போகிற எவருக்கும் தெரியும். ஆகவே, அன்பு உள்ளங்களே, எது தெரிகிறதோ அதைச் செய்வதுதான் நிர்வாகம். தெரியாததைச் செய்வது வீண் செலவு. எட்டு வருடமாக இந்தப் பதவியில் இருக்கிறேன். தெரியாத காரியம் ஒன்றையாவது நான் செய்தேன் என்று யாராவது சொல்ல முடியுமா?"

யாராலும் முடியவில்லை.

பக்கிரிசாமி பந்தலைத் தாண்டி லாட்டுக்குப் போனார். கையில் பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ். காடி நின்றது. முன்கண்ணாடியில் 'விலக்கு அளிக்கப்பட்டது' என்று பச்சை ஸ்டிக்கர். பானட் கண்ணாடி மாதிரி இருந்தது.

அவர் ஓரமாக ஒருமுறை பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். ஷஃபீக் செய்த மாதிரியே சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தார். ஒரு வட்டம் இல்லை. நாலு விரல் இல்லை. தரையில் ஆரஞ்சுத் தோலையும் கூட்டி அள்ளியிருந்தார்கள்.

தலைவர் மைக்கைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார், பின்னால் புகைப்படம் எடுக்கிறவரோடு. பக்கிரிசாமியின் தோளில் கை வைத்தார். "பார்த்தீங்களா பக்கிரி, விலக்கும் கொடுத்தாச்சு, வேலையும் முடிச்சாச்சு. உங்க முகம் எவ்வளவு தெளிவா தெரியுது பாருங்க."

பக்கிரிசாமி குனிந்து பார்த்தார்.

"ஆமா தலைவரே," என்றார். "என் முகம் மட்டும்தான் தெரியுது."

தலைவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். படம் எடுத்தார்கள். அந்தப் படம் இன்னும் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அதில் சான்றிதழை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறவர், பரிசு வாங்கினவர் மாதிரித்தான் தெரிவார்.

கூட்டம் கலைந்தபின் தூணுக்குப் பின்னாலிருந்து ஷஃபீக் வந்தார். மிஷினை வேனில் ஏற்றியாகிவிட்டது. பக்கிரிசாமி அவரைப் பார்த்த பார்வைக்கு வேறொருத்தராக இருந்தால் ஓடியிருப்பார்.

"மாட்டேன்னு சொன்னேன் அண்ணே. நீ செய்யலன்னா தண்ணி அடிச்சுக் கழுவ ஆள் இருக்குன்னாங்க. தண்ணி அடிச்சா சாக்கடைக்குப் போயிடும். மிஷின் போட்டா காத்துல பறந்துடும். அதான் நானே கையால துடைச்சேன். ஒரே துணி. உதறல."

நாலாக மடித்த மஞ்சள் துணி ஒன்றைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து நீட்டினார். மடிப்பு ஓரத்தில் வெள்ளையாக மாவு மாதிரி இருந்தது. பக்கிரிசாமி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அஸ்திக் கலயத்தையும் அன்று அப்படித்தான் வாங்கினார், பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நிர்வாகத்தைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. பளபளப்புத் துணைக்குழுவின் சொத்துப் பட்டியலில் பதினேழாம் எண் மஞ்சள் துணி ஒன்று குறைகிறது என்றும், அது ஒன்பதாம் மாடியில் இருப்பதாகத் தெரியவருகிறது என்றும், நன்றாகத் துவைத்துத் திருப்பித் தரவும் என்றும்.

ஷர்மினி கடிதத்தோடு அலுவலகத்துக்கு இறங்கிப் போகப் புறப்பட்டாள். போயிருந்தால் அன்று சாந்தினியும் தப்பியிருக்கமாட்டாள், கம்ப்யூட்டரும் தப்பியிருக்காது. பக்கிரிசாமி விடவில்லை. பட்டறைத் தெருவில் ஏறி இறங்கி அதே மாதிரி மஞ்சள் துணி ஒன்று வாங்கிவந்தார். சோப்புப் போட்டுத் துவைத்து, காயவைத்து, நாலாக மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். 'பெற்றுக்கொள்ளப்பட்டது. மாசு முழுமையாக நீக்கப்பட்டிருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எண்ணிச் சரியாகச் சொல்லும் மனுஷன் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அந்தப் புதுத் துணிதான்.

அழகு மன்றத்தார் அன்று வந்தார்களா என்று கேட்பீர்கள். வந்தார்கள். மழை தூறியதால் வேனை விட்டு இறங்கவில்லை. கேட்டில் இருந்த பூந்தொட்டிகளுக்கு ஆறுதல் பரிசு கொடுத்தார்கள்.

அப்புறம் ஒவ்வொருத்தராகப் போனார்கள். லோகேஸ்வரனுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. பதினோராம் மாடியிலிருந்து மூன்று வாரம் இறங்க முடியவில்லை. மகன் வந்து நாற்காலியோடு தூக்கி இறக்கி, பட்டர்வொர்த் பக்கம் தரைவீட்டுக்கு அழைத்துப் போய்விட்டான். போகும் வழியெல்லாம் லிஃப்ட் விஷயத்தில் நிர்வாகம் அக்கறை காட்டவேயில்லை என்று திட்டிக்கொண்டே போனார். புது நிர்வாகம் லிஃப்டுக்கு ஆள் கூப்பிட்டது. வந்த மெக்கானிக்கின் பெயர் கிஷன், நல்ல உயரம். இரண்டு லிஃப்டையும் பழுதுபார்க்க அவனுக்கு நாலு மாதம் பிடித்தது. சாந்தினி கொடுத்த கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தபிறகுதான் ஏன் நாலு மாதம் என்று நமக்குப் புரிந்தது. ஷஃபீக் காண்ட்ராக்டை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பட்டறை போட்டிருக்கிறார். அவசர வேலை எடுப்பதில்லை என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்.

ஷர்மினிக்கு அம்மாவின் முதல் திதி முடிந்து கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சுங்கை பட்டாணியில் வேலை. மெரூன் கஞ்சிலை அவள்தான் ஓட்டிக்கொண்டு போனாள். மெழுகு போடுவதில்லையாம். மழையும் வெயிலும் பட்டுக் காடி மங்கிவிட்டது என்று பார்த்தவர்கள் குறைசொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியாகப் பக்கிரிசாமி. நிபோங் திபாலில் முனுசாமி வீட்டுக்குப் பின்புறம் ஓர் அறை காலியாக இருந்தது. சாமான் எல்லாம் லாரியில் போய்விட்டது. ஒரு கைப்பையை மட்டும் தானே எடுத்துக்கொண்டு, வெளியேறியோர் போரத்தோடு அலுவலகத்துக்கு வந்தார். பையின் வாயோரம் நாலாக மடித்த மஞ்சள் துணி எட்டிப் பார்த்தது.

சாந்தினி தட்டச்சு செய்தாள். பெயர், வீட்டு எண், தேதி. வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். "உங்ககூட வெளியேறுறவங்க யாராச்சும் உண்டா அண்ணே?"

பக்கிரிசாமி பையை மடியில் சரிசெய்துகொண்டார். "உண்டு," என்றார்.

அவள் விரல் நின்றது. திரையைப் பார்த்தாள். வீட்டு எண்ணுக்குக் கீழே இரண்டு பெயர் இருந்தது. இரண்டாவது பெயரை அவள் உரக்கப் படிக்கவில்லை. முகவரியை இரண்டு பேருக்கும் ஒன்றாக அடித்தாள். நிபோங் திபால், 14300.

"எடுத்துக்கிச்சு அண்ணே," என்றாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் அழுததை அன்றுதான் முதலில் பார்த்தோம்.

அன்றைக்கு இரண்டு லிஃப்டும் ஓடின. பதிவேட்டின்படி, ஒன்பதாம் மாடி ஜெகதீஸ்வரி தன் கணவரோடு நிபோங் திபாலுக்குக் குடிபோய்விட்டார்.